தேவகியம்மாவின் சாவு

பஞ்சைத் தேங்காயெண்ணெயில் தோய்த்து அம்மாவின் காதோர முடியில் அழுத்தித் தேய்த்தபோது வெள்ளை கரைந்து வந்தது. அடியில் கறுப்பு. பத்மப்ரியா அழுக்கான பஞ்சைச் செய்தித்தாளில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள். ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடி மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். குனிந்து வேலை செய்ததில் குளிர் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஏறியிருந்தது.

"ரொம்ப நேரம் திறந்து வைக்காதே பத்மா," என்றாள் அத்தை. அப்பாவின் அக்கா; கரமனையிலிருந்து விடியும்போதே வந்துவிட்டாள். "பிரணவ் வந்து சேர மத்தியானமாயிடும். அதுவரைக்கும் வெச்சிருக்கணுமோல்லியோ."

"வலது பக்கம் முடிஞ்சுது அத்தை. இந்தப் பக்கம்தான் பாக்கி."

"தலையை விடு. மூஞ்சியிலே அப்பியிருக்கிறதை முதல்லே எடு. சாம்பல் பூசினாப்போல இருக்கு."

அம்மா சீதாலக்ஷ்மி முந்தின நாள் மதியம் மேக்கப் நாற்காலியில் இறந்துபோனாள். ஏழரை மணி மலையாள சீரியலில் அவள் தேவகியம்மா. எழுபத்தைந்து வயது விதவை. பெரிய தறவாட்டுக் குடும்பத்தின் மூத்தவள். மகன்களையும் மருமகள்களையும் ஒரே கூரையின் கீழ் கட்டி வைத்திருப்பவள். நிஜத்தில் அவளுக்கு அறுபது தாண்டிச் சில வருஷங்கள்தான். நரை குறைவு. அதனால் தினமும் காலையில் முடிக்கு வெள்ளை பூசி, முகத்தில் சுருக்கம் வரைய வேண்டியிருந்தது. நேற்று இரண்டு காட்சிகளுக்கு நடுவே டீ கேட்டிருக்கிறாள். டீ வந்தபோது தலை நாற்காலியின் முதுகில் சாய்ந்திருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து டம்ளரை மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அந்த வேஷத்தோடேயே எடுத்துக்கொண்டார்கள்; இரவு சவக்கிடங்கில் வைத்திருந்து, இன்று காலை அந்த வேஷத்தோடேயே வெள்ளைத் துணியில் சுற்றித் திருப்பித் தந்தார்கள். கொச்சியிலிருந்து வந்து இறங்கிய பத்மப்ரியாவுக்குத் துணிக்குள்ளிருந்த முகத்தை அடையாளம் காணச் சற்று நேரம் பிடித்தது.

கன்னத்தைத் துடைத்து முடித்துக் கழுத்துக்கு வந்தபோது அத்தையின் கை குறுக்கே நீண்டது. துணியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தாள்.

"கழுத்திலே ஒண்ணுமில்லையேடி."

பத்மப்ரியாவும் பார்த்தாள். தாலிச் சங்கிலி கிடந்த இடத்தில் தோல் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது.

"ஆஸ்பத்திரியிலே கழட்டியிருப்பாளோ? கேட்டு வாங்கலையா நீ?"

ஆஸ்பத்திரியில் தந்த பிளாஸ்டிக் பையில் மூக்குக் கண்ணாடி, போன், ஒரு ஜோடி செருப்பு. வேறெதுவும் இல்லை. பையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

அத்தை குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பா சாம்பு காதிலே விழ வேண்டாம். சுமங்கலியாப் போயிருக்கா. திருமாங்கல்யம் இல்லாம எப்படி எடுக்கறது? குளிப்பாட்ட வரவாள்லாம் பார்ப்பாளே. நான் என்ன பதில் சொல்லறது?"

தேவகியம்மா விதவை. விதவையின் ரவிக்கைக் கழுத்தில் சங்கிலி தெரியக்கூடாது. இந்தச் சிறிய விஷயம் இத்தனை காலம் தனக்குத் தோன்றவே இல்லையே என்று பத்மப்ரியா நினைத்தாள். மேக்கப் போடும் பெண்ணைப் பற்றி அம்மா ஒருமுறை போனில், "ஷீனாதான் என் லாக்கர்" என்று சொல்லிச் சிரித்தாள். என்ன லாக்கர் என்று அவள் கேட்கவில்லை. ஏதோ மீட்டிங்குக்குப் போகும் அவசரத்தில் இருந்தாள்.

ஷீனாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். ஷூட்டிங் நடக்கிற இடத்தில் யாருடைய போனும் சத்தம் போடாது.

வாசல் அறையில் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அருகில் தெருக்காரர்கள் நான்கைந்து பேர், வெயில் பற்றியும் மகன் பிரணவ் வரும் துபாய் விமானம் பற்றியும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வலியசாலையின் அந்தத் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் பிணம் கிடந்தால் அதை எடுக்கும்வரை பக்கத்து வீடுகளிலும் அடுப்பு மூட்டமாட்டார்கள்.

"அப்பா, பூ வாங்கிண்டு வந்துடறேன்."

சாம்பசிவன் நிமிர்ந்து பார்த்தார். கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேற்றிலிருந்து அவர் அழுது யாரும் பார்க்கவில்லை. அதிகம் பேசியும் கேட்கவில்லை.

"பர்ஸ் எடுத்துண்டியா?"

"உண்டு."

"ஆட்டோக்காரன்கிட்டே தம்பானூர் வழியாப் போகாதேன்னு சொல்லு. ரோடு பிளாக்கா இருக்கும்."

"சரிப்பா," என்று இறங்கிவிட்டாள். தெருமுனையில் ஆட்டோ கிடைத்து, ஷூட்டிங் வீடு இருக்கும் வட்டியூர்க்காவு என்று சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை உறைத்தது. பூ வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போகிறவள் தம்பானூர் பக்கமே போகவேண்டியதில்லை. வட்டியூர்க்காவுக்குத்தான் அந்த வழி.

---

அம்மா நடிக்கப் போனது அப்படியொன்றும் யோசித்து எடுத்த முடிவில்லை. பத்மப்ரியா கல்லூரியில் படித்தபோது அவர்கள் தெருவில் ஒரு சீரியல் ஷூட்டிங் வந்தது. வேடிக்கை பார்க்கப் போன அம்மாவை நிறுத்தி, பக்கத்து வீட்டு மாமியாக ஒரு வசனம் சொல்ல வைத்தார்கள். மாமி தமிழும் மலையாளமும் கலந்து சொன்ன விதம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பிறகு கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பக்கத்து வீட்டு மாமி, கோயிலில் சந்திக்கும் மாமி, கல்யாணப் புரோக்கர் மாமி. கடைசியில் தேவகியம்மா. தறவாட்டுத் தலைவியான காரணவத்திக்குத் தமிழ் வாடை ஆகாது என்று அம்மாவின் வாய்க்கு வேறொருத்தி டப்பிங் பேசினாள். முதல் நாள் டிவியில் அதைக் கேட்டுவிட்டு அம்மா, "நன்னாத்தான் பேசறேன், அல்லே?" என்றாளாம்.

அப்பா தடுக்கவும் இல்லை, ஊக்கப்படுத்தவும் இல்லை. காலையில் ஸ்கூட்டரில் மெயின் ரோடுவரை கொண்டு விடுவார். ஏழரை மணிக்கு அவள் டிவியில் வரும்போது கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். உறவுக்காரர்கள் கேட்டால், "ஏதோ போறா" என்பார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை என்று பத்மப்ரியா முடிவு கட்டி வெகுகாலம் ஆகியிருந்தது.

அவளுக்கு வேலை கொச்சியில், ஓ.டி.டி. நிறுவனம் ஒன்றில். ஜனங்கள் எந்தக் காட்சியில் நிறுத்துகிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள், எதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவள் மேஜைக்கு வரைபடக் கோடுகளாக வரும். ஏழரை மணிக்குக் குடும்பத்தோடு டிவி முன்னால் உட்காருகிற வழக்கம் போய்விட்டது. பஸ்ஸில் பார்க்கிறார்கள், அடுப்படியில் பார்க்கிறார்கள், பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்கிறார்கள். சேனல்கள் சீரியலை முதலில் ஆப்பில் போட்டுவிட்டுப் பிறகு டிவியில் போடுகின்றன. கூட்டுக்குடும்பத்தைச் சுருக்கி இளம் ஜோடியை மட்டும் வைத்துக்கொள் என்பது இப்போதைய பேச்சு.

போன ஓணத்துக்கு வந்தபோது அம்மா கேட்டாள். "யாரு எங்கே நிறுத்தறான்னு உங்களுக்குத் தெரியுமாமே? நான் வரச்சே தள்ளி விட்டுடறாளா?"

"அது வேற கம்பெனி அம்மா. அவா கணக்கு எனக்கு வராது."

அது உண்மைதான். ஆனால் கேட்டால் சொல்லக்கூடிய ஆட்கள் இருந்தார்கள். அவள் கேட்கவில்லை.

---

ஷூட்டிங் வீட்டின் வாசலில் வண்டிகள் நின்றன. கேட் அருகே ஒரு கறுப்புக்கொடி, அம்மாவின் படம் போட்ட சிறிய பேனர். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தை எட்டிப் பார்த்தபோது பூஜையறை முன்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

முதுகுதான் தெரிந்தது. கரையில்லாத வெள்ளை நேரியது போர்த்திய தோள், பின்கழுத்தில் சின்னதாக முடிந்த வெள்ளைக் கொண்டை. மருமகளாக நடிக்கும் பெண் பக்கத்தில் நின்று அழுதபடி ஏதோ சொன்னாள். முதுகு மணியை ஆட்டிக்கொண்டே இருந்தது.

"கட். ஓகே."

முதுகு எழுந்து திரும்பியது. முப்பது வயதுகூட ஆகாத ஒரு துணை நடிகை. பத்மப்ரியாவைப் பார்த்ததும் யாரென்று புரிந்துகொண்டு, போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தலையிலிருந்த வெள்ளையைக் கையால் மறைத்தாள். மானிட்டருக்குப் பின்னாலிருந்து டைரக்டர் எழுந்து வந்து கைகூப்பினார். கையில் எபிசோட் இருப்பில்லை, இது நாளைக்கே ஆப்பில் போகவேண்டியது, க்ஷமிக்கணும் என்று மலையாளத்தில் சொன்னார்.

"பரவாயில்லை சார்," என்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. தன் அலுவலகத்திலும் இதைத்தான் செய்திருப்பார்கள். குரல் ஏற்கெனவே வேறொருத்தியுடையது. முதுகும் கிடைத்துவிட்டால் பத்து நாள் ஓட்டலாம்.

ஷீனா மேக்கப் அறையிலிருந்து ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பொன்முடி எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அம்மா இன்னும் அங்கே தொழிலாளர் லயத்தில்தான் இருக்கிறார்கள். சுடிதாருக்குள் இடுப்பில் முடிந்து வைத்திருந்த கைக்குட்டையை எடுத்து அவிழ்த்தாள். சங்கிலி சுருண்டு கிடந்தது.

"நேத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுற ஓட்டத்துல மறந்துபோச்சு சேச்சி. அப்புறம் எங்கேயும் வைக்கப் பயம். ராத்திரி இதைக் கட்டிக்கிட்டேதான் படுத்தேன். சார்கிட்ட நேத்து சாயந்தரமே சொல்லிட்டேனே."

"எந்த சார்?"

"உங்க அப்பாதான். போன் பண்ணிச் சொன்னேன். உங்கிட்டயே இருக்கட்டும், நாளைக்கு வாங்கிக்கறேன்னாரு. என்னாலதான் வர முடியல. இவங்க விடல."

"இதை இங்கே கழட்டி வைக்கறது அப்பாவுக்குத் தெரியுமா?"

ஷீனா அவளைப் புரியாமல் பார்த்தாள். "சார் சொல்லித்தானே மாமி கழட்டினாங்க. ஆரம்பத்துல ஒரு குளோசப்புல சங்கிலி தெரிஞ்சு எல்லாம் திரும்ப எடுக்க வேண்டியதாப் போச்சு. எல்லார் முன்னாடியும் பேச்சு வாங்கினாங்க. இனி வரமாட்டேன்னு போனவங்க மறுநாள் வந்து, 'கழட்டி ஷீனாகிட்டே குடுத்துடு, நடிப்புதானேன்னு மாமா சொல்லிட்டார்'னு சொன்னாங்க. அன்னிலேருந்து தினம் நான்தான் கழட்டுவேன், நான்தான் மாட்டுவேன்."

---

திரும்பும்போது ப்ரொடக்‌ஷன் கன்ட்ரோலர் வேலாயுதன் தன் காரிலேயே அழைத்துப்போனார். ஷீனா பின் இருக்கையில் மேக்கப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் இறுதி மரியாதைக்கு வருகிறார்கள் என்றுதான் பத்மப்ரியா நினைத்தாள். சாஸ்தமங்கலம் தாண்டியதும் வேலாயுதன் தொண்டையைச் செருமினார். தக்கலைப் பக்கத்துக்காரர்.

"ஒரு காரியம் கேக்கணும். கேக்கதுக்கே நாக்கு எழும்பல்ல. பிடிக்கல்லேன்னா வேண்டாம்னு சொல்லிப்போடணும், கேட்டியா மோளே."

"சொல்லுங்கோ அண்ணா."

"போன வாரம் சேனல்லேருந்து சொல்லிட்டாங்க, தேவகியம்மா வேண்டாம்னு. மூத்த மவன்கிட்டே ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிருங்கன்னு. வேண்டாத ஆளையெல்லாம் நாங்க அப்படித்தான் அனுப்புவோம். மாமிகிட்டே நான்தான் சொன்னேன். மறுநாள் என் ரூமுக்கு வந்து, 'ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினா அதோடே போச்சு, போன்லேகூட என்னைக் கூப்பிடமாட்டேள். கொன்னுடுங்கோ. கொன்னா அஞ்சு எபிசோடாவது எல்லாரும் என்னைச் சுத்தி நிப்பா'ன்னு சொல்லுதாவ. நாங்க சிரிச்சோம். அவங்க சிரிக்கல்ல."

கார் சிக்னலில் நின்றது.

"இப்ப கதை மாறிப்போச்சு. தேவகியம்மாவும் சாகணும்னு நேத்து ராத்திரியே முடிவாயிட்டு. ஒரு குளோசப் மட்டும் வேணும். நிஜ முகம். ரெண்டு மினிட்டு போரும். கேமராமேன் பின்னால வண்டியிலே வாறான். சார் சரின்னு சொன்னா மட்டும்தான் கேமராவை வெளியே எடுப்பான்." சிக்னலைப் பார்த்துக்கொண்டே, "ஆனா குங்குமம், தாலி எல்லாம் போடதுக்கு முன்னால எடுக்கணும்," என்றார்.

"வேண்டாம் அண்ணா," என்றாள் பத்மப்ரியா. "அப்பாகிட்டே கேக்கவே வேண்டாம்."

"சரி மோளே," என்றார் அவர் உடனே. அவள் மனதில் அதன் விளம்பர வீடியோ முடிந்தே வந்துவிட்டது. நிறுத்தி வைத்த முகம், மேலே சிவப்பு எழுத்தில் ஒரு வரி, கீழே ஓடும் கண்ணீர் முகங்கள். முப்பது விநாடி. போனுக்கேற்ப நேர்வாக்கில் வெட்டியது. எத்தனை பேர் பார்ப்பார்கள் என்றுகூட ஓரளவுக்குச் சொல்லிவிட முடியும்.

---

வீட்டில் கூட்டம் கூடியிருந்தது. அத்தை அவளை அடுக்களைப் பக்கம் இழுத்துப்போய், "கிடைச்சுதா?" என்றாள். பத்மப்ரியா கைக்குட்டையைக் காட்டியதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "கொடு, நானே போட்டுடறேன். யாரும் கேக்கறதுக்கு முன்னாலே."

"முதல்லே அப்பாகிட்டே கொடுத்துடறேன்."

வேலாயுதன் மலர்வளையத்தை வைத்துவிட்டு ஃப்ரீசர் பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தார். ஷீனா மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா உள்ளே வந்தார். அவள் கைக்குட்டையை நீட்டினாள். அவர் பிரித்துப் பார்க்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஷீனா, நீ சாப்டயோ?" என்றார்.

"ஆச்சு சார்."

"வேலாயுதன், என்னமோ சொல்லவந்துட்டு நிக்கறாப்போல இருக்கே."

"ஒண்ணுமில்லை சார்."

"சும்மா சொல்லுங்கோ. தேவகியம்மாவை என்ன பண்ணறதா இருக்கேள்?"

வேலாயுதன் பத்மப்ரியாவைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் சொன்னார். காரில் சொன்னதை விடச் சுருக்கமாக, வார்த்தைகளுக்குத் தடுமாறி, குங்கும விஷயம் வரும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அத்தைதான் முதலில் வாய் திறந்தாள். "இதென்ன அக்கிரமம்! மஞ்சளும் குங்குமமுமாப் போறவளைத் தாலியறுத்தவளா ஊருக்குக் காட்டறதா? அதுவும் செத்தப்புறம்? சாம்பு, அவாளைப் போகச் சொல்லு."

"அக்கா, இத்தனை வருஷமாப் பகல்லே அவ அப்படித்தானே இருந்தா," என்றார் சாம்பசிவன். "நான் என்ன, செத்தா போயிட்டேன்?"

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அப்பா, உங்களுக்குத் தெரியாது," என்றாள் பத்மப்ரியா. "இதை இன்னிக்கே புரோமோவா வெட்டிப் போட்டுடுவா. போன்லே வரும். எல்லாரும் கட்டைவிரலாலே தள்ளிண்டு போவா. எனக்கு இதுதான் வேலை, எனக்குத் தெரியும்."

"தள்ளட்டும். தள்ளறதுக்கு முன்னாலே ஒருதரம் பார்ப்பாளோல்லியோ?"

எத்தனை விநாடி பார்ப்பார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

அப்பா பெட்டிக்கும் முற்றத்துக்கும் நடுவிலிருந்த தரையைக் காட்டினார். "போன வாரம் இங்கேதான் படுத்துண்டா. எதுக்குடின்னேன். செத்தாப்போல இருக்க முடியறதான்னு பாருங்கோன்னா. மூச்சு தெரியறதா, கண்ணு ஆடறதான்னு பார்க்கச் சொன்னா. நான் நாற்காலியைப் போட்டுண்டு உக்காந்து பார்த்தேன்."

வாசல் அறையில் யாரோ இருமினார்கள்.

"மூச்சு தெரியலை. இமைதான் ஆடித்து. சொன்னேன். மறுபடியும் படுத்தா. மறுபடியும் ஆடித்து. கோபம் வந்துடுத்து. நாளைக்குப் பாருங்கோ, ஆடாதுன்னா." அவர் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "பின்னே நாலஞ்சு நாள் தினம் பண்ணினா. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலே."

"அவங்க எங்ககிட்டே சொல்லல்லியே சார்," என்றார் வேலாயுதன்.

"கேமராமேனை வரச்சொல்லுங்கோ. பிரணவ் வரதுக்கு முன்னாலே முடிச்சுடணும். அவன் ஒத்துக்கமாட்டான்."

"நானும் ஒத்துக்கலைப்பா," என்றாள் பத்மப்ரியா.

"தெரியும்," என்றார்.

---

வந்தவர்களை வாசல் அறையிலேயே இருக்கச் சொல்லி இடைக்கதவைச் சாத்தினார்கள். வேலாயுதன் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். அத்தை அடுக்களைக்குள் போய்விட்டாள். பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள். கண்ணாடி மூடியைக் கழற்றினார்கள்.

ஷீனா குனிந்து பார்த்தாள். வலது பக்கம் எண்ணெய் மினுங்கும் கறுப்பு, இடது பக்கம் வெள்ளை. "யாரு துடைச்சது?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் மேக்கப் பெட்டியைத் திறந்தாள். முதலில் பவுடர் போட்டு எண்ணெயை உறிஞ்சினாள். பிறகு பழைய டூத் பிரஷ் ஒன்றில் வெள்ளையைத் தொட்டு, வகிட்டிலிருந்து காதுவரை ஒவ்வொரு இழையாக இழுத்தாள். தினமும் செய்கிற வேகத்திலேயே செய்தாள். கண்ணோரத்துச் சுருக்கத்தை வரையும்போது, பழக்கத்தில், "மாமி, மேலே பாருங்க," என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பின் வரைந்து முடித்தாள்.

பத்மப்ரியா கதவோரம் நின்று பார்த்தாள். அவள் காலையில் துடைத்தெடுத்த கிழவி மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். வெளியே போய்விடலாம் என்று நினைத்தாள். போகவில்லை.

கேமராமேன் தனியாகத்தான் வந்திருந்தார். உதவியாட்களையெல்லாம் அங்கே ஷூட்டிங்குக்கு விட்டுவிட்டு வந்திருந்தார். சாவு வீட்டில் ஷூட்டிங் விளக்கு போடுவதில்லை என்று வேலாயுதனிடம் முன்பே சொல்லியிருந்தாராம். முற்றத்து வெளிச்சம் மட்டும்தான். சின்ன கேமராவைக் கையில் வைத்துப் பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கால்மாட்டில் நின்று பார்த்தார், பிறகு பக்கவாட்டில். கழுத்துவரை வெள்ளைத் துணியை இழுத்துவிடச் சொன்னார். ஷீனா இழுத்துவிட்டாள்.

அப்பா தலைமாட்டில், எண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"சார், கொஞ்சம் மாறி நிக்கணும்," என்றார் கேமராமேன் தயக்கத்தோடு. "ஃபிரேம்ல வரீங்க."

"ஓ," என்று நகர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம். தேவகியம்மாவோட வீட்டுல வீட்டுக்காரரு..." முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

"புரியறது," என்று சொல்லிவிட்டு சாம்பசிவன் எதிர்ச்சுவர்வரை போய் நின்றார்.

கேமராமேன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். முற்றம் வலது பக்கம் இருந்தது. இடது கன்னம் முழுக்க நிழல் விழுந்திருந்தது. அந்த நிழலில் கண் குழிந்து, முகம் பாதியாகத் தெரிந்தது. வெளிச்சத்தைத் திருப்பிவிடக் காரிலிருந்து கொண்டுவந்த தெர்மகோல் அட்டை சுவரோரம் சாய்ந்திருந்தது. அதைப் பிடிக்க ஆளில்லை. ஷீனா துணியின் மடிப்பு விலகாமல் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தாள். வேலாயுதனால் கதவை விட்டு வர முடியாது. கேமராமேன் பத்மப்ரியாவை ஒருமுறை பார்த்தார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் கேட்கவில்லை.

அப்பாதான் வந்து அட்டையை எடுத்தார். அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பெட்டியின் இடது பக்கம், ஃபிரேமுக்கு வெளியே, தரையில் ஒரு காலை மடித்து உட்கார்ந்தார்.

"எப்படிப் பிடிக்கணும்?"

"முற்றத்தைப் பார்த்து, சார். கொஞ்சம் மேலே. ம்... இப்ப மெதுவா மாமி பக்கம் சாயுங்க."

அவர் சாய்த்தார். வெளிச்சம் முதலில் சுவரில் விழுந்தது; அங்கிருந்து தலையணைக்கு இறங்கி, காதைத் தொட்டு, கன்னத்தில் ஏறியது.

"அங்கேதான். ஆடக்கூடாது, சார்."

சாம்பசிவன் முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.